கோக்தெபாவில் ஒரே ஒரு நாத்திகை

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை என்பது கிண்ணம் நிறைய டீ ஊற்றினபோதே தெரிந்துவிட்டது அக்கா. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பரவாயில்லை, குடிக்கிறேன். எனக்கு அந்த மாதிரி மரியாதையெல்லாம் பார்க்கத் தெரியாது, பொறுமையும் இல்லை.

தாஷ்கண்டில்தான் இறங்குகிறேன். சொந்தக்காரர் வீட்டுக்கு இல்லை. என்னைப் பெற்ற அத்தாவை மாகாணச் சிறையில் வைத்திருக்கிறார்கள். தாஷ்கண்டில் பெரிய அலுவலகத்துக்குப் போய் நடந்த உண்மையைச் சொன்னால் வெளியே விட்டுவிடுவார்கள். உண்மை என்னிடம் இருக்கிறது. ஆதாரமும் இருக்கிறது. அதற்குத்தான் போகிறேன்.

ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? பின் சீட்டில் இருப்பவர் தூங்குகிறார். தூங்காவிட்டால் கேட்கட்டும். இதையேதான் அங்கேயும் சொல்லப்போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாத்திகை. எங்கள் ஊர் கோக்தெபாவில் நாத்திகர் என்று சம்பளம் வாங்கினவர்கள் பல பேர். கட்சிக் காரியதரிசி, பள்ளித் தலைமையாசிரியர், பிரசாரக் கழகத்துத் தோழர் துர்தியேவ். நிஜமாகவே நாத்திகையாக இருந்தவள் நான் ஒருத்திதான். துர்தியேவின் மகனுக்குச் சுன்னத் செய்தபோது ஊரே போய்ப் பிலாவு தின்றது. பிறந்தநாள் விழா என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பையன் ஒரு வாரம் காலை அகட்டி அகட்டி நடந்தான். நான் பந்தியில் வைத்தே கேட்டேன், "பிறந்தநாளுக்கு ஏன் தோழர் உங்க பையன் இப்படி நடக்கிறான்?" என்று. உம்மா என் தொடையில் கிள்ளினாள். துர்தியேவ் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "கால்பந்து ஆடினான்" என்றார். கட்சிக் காரியதரிசியும் தலையாட்டினார், வாயில் ஆட்டுக்கறி.

எனக்கு நாத்திகம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? எல்லாரும் ஏதோ பெரிய கதை இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒன்றும் இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்தது. படித்தேன். சரியாக இருந்தது. என் வகுப்பில் மற்றவர்கள் அதே புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள், நான் நம்பிவிட்டேன். இதில் என்ன அதிசயம்? நம்புவதற்குத்தானே அச்சடித்துக் கொடுத்தார்கள்?

நோன்பு மாதத்தில் ஒவ்வொருவராகக் கரும்பலகை முன்னால் நிற்கவைத்து ஒரு குவளை தண்ணீர் கொடுப்பார்கள், நோன்பு இருக்கிறவர்களைப் பிடிக்க. பாதிப் பேர் வாயில் வாங்கிக்கொண்டு வெளியே போய்த் துப்புவார்கள். வாத்தியாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் இரண்டு குவளை கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

பள்ளியை விட்டதும் இந்த மாதிரி ஒரு விஷயத்தில்தான். உயிரியல் வகுப்பில் தவளை அறுத்துக் காட்டினார்கள். கத்தியை வைப்பதற்கு முன்னால் வாத்தியார் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொன்னார். நான் முதல் பெஞ்சு, எனக்குக் கேட்டது. "எதுக்கு சார் பிஸ்மில்லா, தவளையைச் சமைக்கப் போறோமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. விஷயம் தலைமையாசிரியர் வரைக்கும் போனது. அந்த மனுஷன் வாத்தியாரை ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம், "நீ தப்பாக் கேட்டிருக்கே, மன்னிப்புக் கேளு" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் போகவே இல்லை. என்னைத் தவிர அந்தப் பள்ளியில் யாரும் பாடத்தை நம்பவில்லை. அங்கே எனக்கு என்ன வேலை?

துர்தியேவின் பிரசாரத்தையும் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மாஸ்கோவிலிருந்து அவருக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே மருந்து பாட்டில்கள், ஒரு சாமிப்படம், ஒரு சின்னப் புத்தகம். மதவாதிகள் காட்டும் அற்புதங்களெல்லாம் வெறும் ரசாயனம் என்று ஜனங்களுக்குச் செய்துகாட்ட வேண்டுமாம். கூட்டுப்பண்ணை மன்றத்தில் ஊரைக் கூட்டி, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஒரு சொட்டு விட்டார், திராட்சை மது நிறம் வந்தது. "இப்படித்தான் பாதிரிகள் உங்களை ஏமாற்றினார்கள்" என்று வாசித்தார். கோக்தெபாவில் ஒரு பாதிரியையும் யாரும் பார்த்ததில்லை அக்கா. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மரியாதையாக எழுந்து, "நம்மள்ல தண்ணி தண்ணியாத்தான் இருக்கும் தோழர், யாரும் மாத்தினதில்ல. ஆனா இன்னொரு தடவ செய்ங்க, பாக்க நல்லாருக்கு" என்றார்.

அடுத்தது சாமிப்படம். ஒரு பொம்பளை, கையில் குழந்தை. பின்பக்கம் ஒரு குழாயை அழுத்தினால் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். வந்தது. மன்றம் முழுக்கப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், கைப்புள்ளக்காரி. புருஷன் அடிச்சானா?" "மாமியாராத்தான் இருக்கும்." துர்தியேவ் புத்தகத்தில் தேடினார், அதற்குப் பதில் இல்லை.

எங்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்யவேண்டும் என்றால் எங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? அதைத்தான் நான் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கே போய்ச் சொன்னேன். அவர் பாட்டிலை மூடிக்கொண்டே, "அப்போ நீயே எழுதிக் குடேன்" என்றார், கிண்டலாக. எனக்குக் கிண்டல் புரியாது. எழுதினேன்.

இங்கேதான் தர்கா வருகிறது. ஊருக்கு வெளியே மேட்டில் சாதிர் பாபா தர்கா என்று ஒன்று. வட்டக் கட்டடம், நடுவில் கபுர், பாபாவை அடக்கின சமாதி. நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பூட்டிப் பருத்திவிதைக் கிடங்கு ஆக்கிவிட்டார்கள். அதற்குமுன் தலைமுறை தலைமுறையாக அதைக் கவனித்துக்கொண்டது எங்கள் குடும்பம். என் அத்தாவின் தாத்தா அங்கே ஷேகு, தர்காவுக்குப் பொறுப்பு அவர்தான். அத்தா அதே கிடங்கில் மூட்டை தூக்கினார். வேறு வேலை கிடைத்தும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மூட்டை எங்கே தூக்கினாலும் மூட்டைதான்.

திடீரென்று மாகாணத்திலிருந்து உத்தரவு: கிடங்கைக் காலி செய்து நாத்திக அருங்காட்சியகம் ஆக்கு. துர்தியேவ் இயக்குநர். கபுரை இடித்துத் தள்ளச் சொன்னார்கள். இடிக்கக் கூப்பிட்ட அன்று ஊரிலிருந்த அத்தனை கொத்தனாருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாளும் பிடித்துக்கொண்டது. கடைசியில் துர்தியேவ் கபுரைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, சுரண்டலின் நினைவுச்சின்னம் என்று பலகை மாட்டிவிட்டார். சுவரோரமாகக் குரங்கு மனுஷனாகிற படம், விண்வெளியில் பறக்கிறவர் படம், பிளாஸ்டர் மண்டையோடு. அப்புறம் முல்லா பொம்மை. நாடகக் கம்பெனியில் சொல்லிச் செய்தது. வைக்கோல் அடைத்த பெரிய தொப்பை, ஆட்டுமயிர்த் தாடி, தலைப்பாகை, மடியில் காலித்தட்டு. பேராசையைக் காட்டவாம்.

காவலுக்கு ஆள் வேண்டும். யாரும் வரவில்லை. அத்தா வந்தார். அரசாங்கமே சம்பளம் கொடுத்து, கையில் பட்டை கட்டிவிட்டு, அவர் தாத்தா உட்கார்ந்த அதே வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தது. இதில் இருக்கிற கேலிக்கூத்து துர்தியேவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பேசுகிற வேலை எனக்கு. கையில் ஒரு குச்சி, என் பேச்சு, நான் எழுதினது. கபுரின் தலைமாட்டில் ஒரு கல் இருந்தது, அங்கே நின்றால் குரல் கூரைவரை போய்ச் சுற்றி வரும். அங்கேதான் நிற்பேன். என் குரல் நன்றாக இருக்கும் அக்கா, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நன்றாக இருக்கும். ஓதிப் பழகின குடும்பம்.

திறந்த முதல் வாரமே பஸ் பஸ்ஸாக வந்தார்கள். தூரத்துக் கூட்டுப்பண்ணைகளிலிருந்தெல்லாம், கலாசாரச் சுற்றுலா என்று பெயர் போட்டுக்கொண்டு. நான் பூரித்துப்போனேன். இத்தனை பேருக்கு அறிவு வேண்டியிருக்கிறது பார் என்று நினைத்தேன். டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக உள்ளே வந்து, சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றினார்கள். வட்டக் கட்டடம், வேறு எப்படிச் சுற்றுவது? மூன்று தடவை சுற்றினார்கள். குரங்குப் படத்தை மூன்று தடவை பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் பேசினேன். ஒரு இருமல் இல்லை. குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசி வரி, "மேலே யாரும் இல்லை, இருந்ததும் இல்லை, மனிதனின் விதி மனிதன் கையில்." சொல்லி முடித்ததும் கூடம் முழுக்க இரண்டு கையையும் ஏந்தி, "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. சாப்பிட்டு முடித்தால், பேசி முடித்தால், எங்கேயாவது கிளம்பினால் கையேந்தி முகத்தைத் தடவுவார்கள். இந்த பஸ் கிளம்பும்போது டிரைவர் செய்தாரே, நீங்கள் முகத்தில் தூசி துடைக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் என் பேச்சுக்கா? என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். "எதுக்கு ஆமீன் சொல்றீங்க? நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டேன். முன்னால் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விழுந்துச்சு மகளே. நல்ல ராகமாச் சொன்னே. பெரியவங்க அடங்கின இடத்துல ஒரு பேச்சு முடிஞ்சா கையேந்தாம எப்படிப் போறது?" என்றார்.

அதோடு விட்டார்களா? முல்லா பொம்மை மடியில் இருந்த காலித்தட்டில் ரொட்டி வைத்தார்கள். அதன் அங்கியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில் ஒரு பக்கம் நூல் நூலாகப் போய்விட்டது. ஒரு கிழவியைப் பிடித்து, "இது வைக்கோல், தெரியுதா? வைக்கோல்" என்று பொம்மையின் வயிற்றைக் குச்சியால் குத்திக் காட்டினேன். அவள் என் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். "தெரியுது மகளே. ஆனா நான் கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து, பயப்படாம தலைப்பாகை கட்டி வெளிய உக்காந்திருக்கிற ஒருத்தர் இவருதானே."  முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

துர்தியேவிடம் போனேன். அவர் ஆனந்தத்தில் இருந்தார். மாகாணத்திலேயே எங்கள் அருங்காட்சியகத்துக்குத்தான் கூட்டம் அதிகம். "தோழர், துஆ கேட்டு வேண்டிக்க வர்றாங்க" என்றேன். "கை எங்க இருந்தா என்ன ரைஹான், காது உன் பக்கம்தானே இருக்கு" என்றார். ரைஹான் என்பது நான். அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். நாத்திகப் பிரசாரத்தின் இயக்குநர் பேசுகிற பேச்சா? வீட்டில் அத்தாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ரொட்டியைப் பிட்டு என் பக்கம் தள்ளினார். "நீ பேசு. அவங்க கேக்கட்டும். எல்லாரும் சந்தோஷமாத்தானே போறாங்க" என்றார். யாரும் சந்தோஷமாகப் போவதற்காக நான் தொண்டை கிழியக் கத்தவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். அப்புறம் இந்த வசந்தத்தில் சிறந்த அருங்காட்சியகம் என்று எங்களுக்குச் செங்கொடி தருவதற்குத் தலைநகரத்திலிருந்து தோழர் க்ளாவ்தியா என்று ஒரு அம்மா வந்தார். துர்தியேவ் காலையிலேயே ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிச் சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாள் யாரும் கை ஏந்தக்கூடாது. கையைப் பாக்கெட்ல வைங்க. பாக்கெட் இல்லாதவங்க பக்கத்துல நிக்கிறவங்க கையைப் புடிச்சுக்கங்க." பெண்கள் உடுப்பில் ஏது பாக்கெட்? கூடம் முழுக்க ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பேசி முடித்தேன். ஒரு கை அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. க்ளாவ்தியா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மக்கள் கைகோத்து அறிவியலைக் கேட்கிற காட்சியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

அப்புறம் என்னிடம் வந்து தோளில் கைவைத்து, வேலையில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார். துர்தியேவ்தான் மொழிபெயர்ப்பு. நான் சொன்னேன், "இங்க என்னைத் தவிர யாரும் நாத்திகர் இல்ல. இது இன்னும் தர்காதான். நான் இங்க பாத்திஹா ஓதுற மாதிரிதான் ஆகிப்போச்சு." துர்தியேவ் அதை ரஷ்ய மொழியில் சொன்னார்: "விளக்குகள் போதவில்லை என்கிறாள்."

என்ன செய்வீர்கள் நீங்கள்? என் ரஷ்யன் துர்தியேவின் ரஷ்யனைவிட நல்ல ரஷ்யன். நானே திருப்பிச் சொன்னேன், வார்த்தை வார்த்தையாக. அம்மா சிரித்தார், நம்பவில்லை. அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்தார். அடக்கமா? எனக்கா? நான் கல்மேல் ஏறி நின்றேன். ஜனங்களைப் பார்த்து, "கையை விடுங்க, பரவாயில்ல" என்றேன். கடைசி வரியை இன்னொரு தடவை சொன்னேன். மேலே யாரும் இல்லை, இருந்ததும் இல்லை. அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது அல்லவா, ஒரே சமயத்தில் அத்தனை கையும் மேலே போனது. ஆமீன். கூரையிலிருந்து புறாவெல்லாம் பறந்தது.

வாசலில் அத்தா மட்டும் கையேந்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

க்ளாவ்தியா அம்மா எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். நான் காட்டியது உண்மையை. அவர் நடத்துகிற பிரசாரத்துக்குத்தான் நல்லது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். ஏறும்போது மட்டும் என்னிடம், "நீ எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டார். எட்டாவது என்றேன். "அதான்" என்றார். என்ன அதான்?

ஒரு வாரத்தில் கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். துர்தியேவை நீர்ப்பாசன இலாகாவுக்கு மாற்றினார்கள், கார் அதே கார். மாகாணத்தில் விசாரணை. யார் ஜனங்களைத் தொழவைத்தது? வந்தவர்களையெல்லாம் கேட்டார்கள். அவர்கள், நாங்கள் அந்தப் பொண்ணு பேசினதுக்கு ஆமீன் சொன்னோம், வேற ஒண்ணும் இல்ல என்றார்கள். அதுவும் உண்மைதானே. ஆக மதக் கூட்டம் நடத்தினது நான். விசாரணை அதிகாரி அதை என்னிடம் சொன்னபோது நான் அவர் மேஜைமேல் கையை வைத்துச் சிரித்தேன். ஊரிலேயே ஒரே நாத்திகை, மதப் பிரசாரம் செய்ததாகக் குற்றம். "என் பேச்சைப் படிச்சுப் பாருங்க" என்றேன். "படிக்க வேணாம், அதுக்குக் கெடச்ச பதில் போதும்" என்றார். ஊருக்குப் போய் இரு, கூப்பிடுவோம் என்று அனுப்பினார். கூப்பிட்டால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இதற்குள் அத்தா வேலையைக் காட்டிவிட்டார். நான் வீட்டுக்கு வந்துசேருவதற்கு முன்னால் அவர் மாகாண அலுவலகத்துக்கே போய், தானாக, யாரும் கூப்பிடாமல், "நான் ஷேகு வீட்டுப் பேரன். அந்தப் பேச்சு நான் எழுதினது. என் பொண்ணு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சா. கையேந்தணும்னு ஜனங்ககிட்டச் சொன்னதும் நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறுகிற மனுஷன். அதிகாரி நம்பவில்லை. சொல்லிக்காட்டு பார்க்கலாம் என்றாராம்.

சொல்லிக்காட்டியிருக்கிறார் அக்கா. ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும். பூமி உண்டானது, குரங்கு, விண்வெளி, எல்லாம். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்தி, நான் தண்ணீர் குடிக்கிற இடத்தில் நிறுத்தி. அதிகாரியே பிற்பாடு எனக்குச் சொன்னார், ஆச்சரியமாகச் சொன்னார், "உங்கப்பா கண்ணை மூடிக்கிட்டு, லேசா ஆடிக்கிட்டே சொன்னாரு. ஒரு வார்த்தை தடுக்கல" என்று. ஒரு வார்த்தையையும் நம்பாதவர். ஆனால் அத்தனையும் மனப்பாடம். குழந்தைகள் குர்ஆனை மனப்பாடம் செய்கிற மாதிரி, அர்த்தம் தெரியாமல்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். என் பேச்சு. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதினது. அதை ஒரு ஷேகு வீட்டு ஆள் எழுதினார் என்று இப்போது கோப்பில் இருக்கிறது. நான் கிளிப்பிள்ளையாம்.

உம்மா என்னோடு பேசுவதில்லை. அத்தாவை உள்ளே வைத்த அன்றைக்கு ரொட்டியை என் முன்னால் கவிழ்த்து வைத்தாள். உங்களுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. "உம்மா, நான் என்ன பொய் சொன்னேன்?" என்று கேட்டேன். "ஒண்ணுகூடச் சொல்லல. அதுதான் வயிறு எரியுது" என்றாள்.

போன வாரம் அத்தாவைப் பார்க்க விட்டார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர். தாடியை மழித்திருந்தார்கள், கன்னம் வெள்ளையாக யாரோ மாதிரி இருந்தார்.

"ஏன் அத்தா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்ன பொய்? தினமும் கேட்டேன். நான் ஒப்பிக்காம வேற யாரு ஒப்பிப்பா?"

"அதுல ஒரு வரியாச்சும் நம்புறீங்களா நீங்க?"

"நீ சொல்றப்ப நல்லாருக்கும்" என்றார். அவ்வளவுதான். நல்லாருக்கும். ஒரு நாத்திகப் பேச்சைப் பற்றிச் சொல்வதற்கு உலகத்தில் வேறு வார்த்தையே இல்லாத மாதிரி.

அப்புறம் வலைப் பக்கத்தில் வந்து, "ஊருக்குப் போ. உம்மாகூட இரு. யாராச்சும் கேட்டா அத்தா சொல்லித்தந்தாருன்னு சொல்லு" என்றார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஒண்ணும் சொல்லாம இரு."

"அதுவும் எனக்கு வராது அத்தா."

அவர் சிரித்தார். காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். ஜெயிலில் சிரிக்கிறவரை என்ன செய்வது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், எஞ்சின் சத்தம். நான் போய்ச் சொன்னால் அவரை விடமாட்டார்கள், என்னையும் சேர்த்து வைத்துக்கொள்வார்களா? எதற்கு? அவர்கள் புத்தகத்தில் இருப்பதைத்தான் நான் நம்புகிறேன். அவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன். என்னை உள்ளே வைத்தால் அவர்கள் புத்தகத்தையும் உள்ளே வைக்கவேண்டும். இல்லை அக்கா, நீங்களும் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே பேசுகிறீர்கள், மெதுவாக, பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டு.

ஆதாரம் இருக்கிறது என்றேனே. அத்தா ஒரு தப்புச் செய்துவிட்டார். பேச்சில் ஒரு வரியை விட்டுவிட்டார். அதிகாரியிடம் நான் கேட்டேன், வாசலில் இருப்பவரைப் பற்றிய வரியைச் சொன்னாரா என்று. அப்படி ஒரு வரியே வரவில்லை என்றார். மற்றதெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவருக்கு அது மட்டும் மறந்துபோகுமா? அவர் எழுதினதாக இருந்தால் அல்லவா நினைவிருக்கும்? அது நான் எழுதினது. இருப்பதிலேயே நல்ல வரி அதுதான். அங்கே போய் அதைச் சொன்னால் போதும், யார் எழுதினது என்று தெரிந்துவிடும்.

குச்சியால் வாசலைக் காட்டுவேன். எல்லாரும் திரும்புவார்கள். அத்தா ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார், நான் சொல்லிவைத்திருந்தேன், நின்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். நான் முடிக்கிறவரைக்கும் நிற்பார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும். மழை நாளில் ஈரக் காலோடு. உயிருள்ள காட்சிப்பொருள் வேறு எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது என்று துர்தியேவே பாராட்டினார். அத்தாவின் தாத்தா ஜனங்களிடம் பிடுங்கி எப்படித் தின்றார், இவர் உடம்பில் ஓடுவது என்ன, அந்த மாதிரி போகும்.

சொல்லிக் காட்டுகிறேன், நீங்களே சொல்லுங்கள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று.

"வாசலில் நிற்கும் இந்த மனிதரைத் திரும்பிப் பாருங்கள். இவர்..."

இருங்கள்.

"வாசலில் நிற்கும் இந்த மனிதரைத் திரும்பிப் பாருங்கள். இவர்..."

ரோடு சரியில்லை, குலுக்குகிறது. இரண்டு வருஷம் சொன்ன வரி அக்கா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாக்கு நுனியில் இருக்கிறது. இவர்.

ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள்.

இல்லை, டீ வேண்டாம். கையை விடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே போய் மேஜை முன்னால் நின்றால் தானாக வரும். வந்துவிடும். வராவிட்டால் எப்படி, அது ஒன்றுதான் என்னுடையது என்று காட்ட இருக்கிறது.

அக்கா, அடுத்து பஸ் நிற்கிற இடத்தில் டிரைவரிடம் ஒன்று கேட்டுச் சொல்கிறீர்களா? கோக்தெபா பக்கம் திரும்பிப் போகிற பஸ் எப்போது என்று. நான் ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. கேட்கத்தான் சொல்கிறேன். நானே கேட்டுவிடுவேன், இப்போது குரல் சரியில்லை.